பழுது நீக்க வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்குத் தன்னைத் தானே வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் படுக்கப் போவது இசக்கியம்மாளின் வழக்கம். போகிற இசக்கிக்கும் நிற்கிற இசக்கிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. போகிறவள் தலை வாரி, மணிக்கட்டில் சாம்பல் நிறப் பட்டை கட்டியிருப்பாள். நிற்கிறவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள்.

“அப்பாவ பத்திரமா கூட்டிட்டுப் போ. குல்லா போடச் சொல்லு” என்பாள் நிற்கிறவள்.

“சரி” என்பாள் போகிறவள். மறுபேச்சு பேசாத இசக்கி என்று ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான்.

செவ்வாய்க் கிரகத்தின் ஏழாம் குமிழில் இதையெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே நாற்பதாயிரம் பேர் வாழ்கிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு பதிலி இருக்கிறது. முகம், குரல், நடை, செருப்பை இழுத்து இழுத்து வைக்கும் பழக்கம் வரைக்கும் அசலைப் பார்த்து வார்த்த எந்திரம். சாப்பிடாது, களைக்காது, கோபப்படாது. கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்கார, பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய்த் தலையாட்ட, வயதானவர்களை வெளியே அழைத்துப் போக என்று பல காரியங்களுக்கு அதை அனுப்பச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. பதிலி என்று தெரியும்படி பட்டை கட்டியிருக்க வேண்டும் என்பது ஒரு விதி. கூடப் போனவர் பேசியதை அசலிடம்கூட வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விதி.

அதனால் ஒவ்வொரு ஞாயிறு மதியமும் இசக்கிக்குக் கிடைப்பது ஒரே வரி அறிக்கைதான்: ‘போய் வந்தோம். அப்பா நலம்.’ அதைப் படித்துவிட்டுத் தன் மனசாட்சியையும் பக்கத்தில் போட்டுத் தட்டித் தூங்க வைத்துவிடுவாள்.

அப்பா சுடலைமுத்துவுக்குப் பூமிக் கணக்கில் எழுபத்தெட்டு வயது. பெருச்சாளி ஓட்டினவர். குமிழுக்கும் குமிழுக்கும் நடுவே பாறையைக் குடைந்து பாதை போடும் ராட்சத எந்திரத்துக்கு அரசாங்கக் கோப்பில் நீளமாய் ஒரு பெயர் இருந்தது. ஓட்டுகிறவர்களுக்கு அது பெருச்சாளிதான். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷம் ஆகியும் அவரை அது விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் எட்டாம் குமிழுக்குப் போகும் புதுச் சுரங்கத்தின் வாயிலுக்குப் போய், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரோ பெருச்சாளி ஓட்டுவதை மணிக்கணக்காகப் பார்ப்பார். எங்கே பள்ளம் தோண்டினாலும் நின்று வேடிக்கை பார்ப்பதும், ‘இப்படியா தோண்டுவான்?’ என்று பக்கத்தில் நிற்பவரிடம் குறை சொல்வதும் நம் ஆண்பிள்ளைகளோடு கூடப் பிறந்த வியாதி. கிரகம் மாறியதால் அது குணமாகிவிடவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு வரை இசக்கிதான் கூடப் போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர் வாரியத்தில் மேலதிகாரியான பிறகு, ஞாயிறு ஒன்றுதான் அவள் கண் அயரும் நாள் என்று ஆகிவிட்டது. “அதுக்கென்னட்டி, மெஷினை அனுப்பு” என்று அப்பாவே சொல்லிவிட்டார். சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று இசக்கிக்குத் தெரியாது. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாருக்கும் உள்ளங்கையில்தான் திரை. தோலுக்கு அடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். செய்தி வந்தால் கை குறுகுறுக்கும். குறுகுறுக்காவிட்டாலும் பார்க்கத் தோன்றும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, சுரங்கத் திறப்பு விழா அழைப்பிதழின் நகல் அவள் கைக்கு வந்து சேர்கிற வரையில். எட்டாம் குமிழுக்குப் போகும் முதல் வண்டியில் பழைய பெருச்சாளி ஓட்டுநர்கள் பன்னிரண்டு பேருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு துணை. சுடலைமுத்து என்ற பெயருக்கு எதிரே, துணை என்ற கட்டத்தில், ‘மகள் – பதிலி’ என்று இருந்தது.

இசக்கி உடனே அப்பாவைக் கூப்பிட்டாள்.

“ப்பா, எம்பேரப் போடலியா?”

“உம்பேரத்தானட்டி போட்டிருக்கேன்.”

“பதிலின்னுல்லா போட்டிருக்கு.”

“அன்னைக்கு உனக்கு லீவு கிடைக்காதுல்லா. நாலு மணி நேரம் உக்காரணும். அதுன்னா உக்காரும்.” கொஞ்சம் நிறுத்தி, “நல்லாப் பேசும் அது” என்றார்.

“ஏன், நான் பேச மாட்டேனா?”

“நீயும் பேசுவ. யாரு இல்லைன்னா? திங்கக்கிழமை வரைக்கும் பேர மாத்தலாமாம். மாத்தணுமா?”

‘மாத்துங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் அது கேட்டு வாங்குகிற சமாச்சாரமா? பெற்றவராகப் பார்த்து மனசார எழுத வேண்டாமா? “உங்க இஷ்டம்” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டாள். ஆசையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கிடையாது.

அன்று முழுக்க அவளுக்கு மனசு ஆறவில்லை. தன் மூக்கையும் முழியையும் ஒட்டவைத்துக்கொண்டு, தன் அப்பாவுக்குப் பக்கத்தில் தன் இடத்தைப் பிடித்துவிட்டது ஓர் எந்திரம். அதை அனுப்பி வைத்ததும் தான்தான் என்பதால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்றும் தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பதிலி மின்னேற்றிக்கொள்ளும் அலமாரியைத் திறந்தாள்.

“பட்டையைக் கழட்டிக் குடு. நாளைக்கு நான் போறேன்.”

“நீங்கள் நீங்களாகவே போகலாமே” என்றது பதிலி. அப்பாவிடம் ஊர்ப் பேச்சு பேசும் அது, அசலிடம் புத்தகத் தமிழ்தான் பேசும்.

“நானாப் போனா ‘நல்லாருக்கேன், சாப்புட்டேன்’னு ரெண்டு வார்த்தையில முடிச்சிருவாரு. உங்கிட்ட அப்படி என்னதான் பேசுதாருன்னு எனக்குத் தெரியணும்.”

“அதுவரை நான் என்ன செய்ய வேண்டும்?”

“நான் என்ன செய்வேனோ அதைச் செய்.”

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது பதிலி வாசல் வரை வந்து ஒரு கொட்டாவி விட்டது. பிறகு கட்டிலில் ஏறிப் படுத்து, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது.

சுடலைமுத்து மடக்கு நாற்காலியோடு தன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். “வந்துட்டியா? வா, வா” என்றார் வாயெல்லாம் பல்லாக. அசலுக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்து எத்தனையோ காலமாயிற்று என்று இசக்கிக்குச் சுருக்கென்றது. பட்டை தெரியும்படி கையை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு நடந்தாள்.

சுரங்கம் முடிந்துவிட்டது; வாயிலை அகலமாக்க மட்டும் பெருச்சாளி இன்னும் பாறையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியை விரித்துப் போட்டார். அதில் உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஓட்டுதான் பாரு கோட்டிக்காரப் பய. பல்லைத் தேய்ச்சே தீத்துருவான். நாங்கள்லாம் பதினாலாவது கிலோமீட்டர்ல...”

பதினாலாவது கிலோமீட்டர் கதையைக் கேட்டுத்தான் இசக்கி வளர்ந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. பெருச்சாளி போய்ப் பனிப் பாளத்தில் முட்டும்; வெட்டுகிற சூட்டில் பனி உருகும்; தண்ணீர் கணுக்காலுக்கு வந்து, முழங்காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்து, கடைசியில் மேற்பார்வையாளரின் ஒற்றைச் செருப்பு மிதந்து வரும். அப்பாவின் கதையில் தண்ணீர் கணுக்காலைத் தொடுவதற்குள் மகளின் வாய் முந்திக்கொண்டது.

“கடைசியில செருப்பு மிதந்து வந்துச்சு. தெரியும்ப்பா.”

அப்பா சட்டென்று நிறுத்தினார். பதிலியாக இருந்தால் ‘அப்புறம்?’ என்று கேட்டிருக்கும். இசக்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கை குறுகுறுத்தது. மூன்றாம் நீர்த்தொட்டியில் அளவு குறைகிறதாம். பார்த்தாள். இரண்டு நிமிடம் கழித்து, இப்போது சரியாகிவிட்டதாம். அதையும் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் “போவமாப்பா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, ஐயோ என்று இரண்டு முறை மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள். பதிலியாக நடிப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அப்பா பக்கத்துக் கடையில் பாசி மாவில் சுட்ட ஆமவடை இரண்டு வாங்கி வந்து, தட்டை நாற்காலி மேல் வைத்தார்.

“டாக்டர் எண்ணெப் பலகாரம் ஆகாதுன்னாருல்லாப்பா? ரெண்டு எதுக்கு?” என்று சொல்லிக்கொண்டே இசக்கி ஒரு வடையில் பாதியைப் பிட்டு வாயில் போட்டு மென்றாள். மென்று விழுங்கும்போதுதான் உறைத்தது. பதிலிக்கு வயிறு கிடையாது.

விழுங்கினதைத் துப்ப முடியுமா? ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அவர் பார்வை பெருச்சாளி மேலேயே இருந்தது. தட்டை மட்டும் இவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். வயசான கண், கவனித்திருக்காது என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

தன் பங்கு வடையைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டு அப்பா ஆரம்பித்தார்.

“எம்மவ இருக்காள்லா...”

“யாரு?”

“அதான், உன் அசலு. கெட்டிக்காரி. இந்தக் குமிழ்ல அம்புட்டுப் பேரும் அவ தொறந்துவிடுத தண்ணியத்தான் குடிக்கான். எனக்கு அதுல ஒரு பெருமை உண்டும். அவகிட்டச் சொன்னதில்ல. சொல்லணும்னு வாயத் தொறந்தா கையப் பாப்பா. பாவம், என்ன வேலையோ. அவ நேரத்த நாம என்னத்துக்குப் புடுங்கணும்னுதான் உன்ன அனுப்பச் சொன்னேன்.” பெருச்சாளி ஒரு பாறையைத் துப்பி முடிக்கும் வரை காத்திருந்தார். “மூணு வருசமாச்சு. வாரா வாரம் கதவத் தொறக்கும்போது, இன்னைக்காவது அவளே நிப்பாளான்னு ஒரு நெனப்பு. கோட்டித்தனம்தான்.”

இசக்கியால் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ள முடிந்தது, கண்ணை முடியவில்லை.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். “ஏட்டி, கண்ணுல எண்ணெ கசியுது பாரு. தொடச்சுக்கோ. துருப்பிடிச்சிரும்.”

திங்கட்கிழமை அலுவலகத்தில் இருக்கும்போது பதிலிப் பராமரிப்பு நிலையத்திலிருந்து ஒரு புகாரின் நகல் அவள் கைக்கு வந்தது. பயனாளி சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார்கள்.

‘நேத்து வந்த மெஷின் சரியில்ல. நான் பேசும்போது குறுக்க குறுக்கப் பேசுது. கையப் பதினொரு தடவ பாத்துட்டுது, எண்ணினேன். போவமா போவமான்னு நச்சரிப்பு. எனக்கு எண்ணெ ஆகாதுன்னு சொல்லிட்டு, எந்தட்டுல இருந்து அரை வடையத் தின்னுட்டுது. கண்ணுல கசிவு வேற இருக்கு.’

அதற்குக் கீழே, எந்தப் பழுதை முதலில் நீக்க வேண்டும் என்று நிலையம் கேட்டிருந்தது. அப்பாவின் பதில்: ‘ஒண்ணையும் நீக்க வேண்டாம். தொறப்பு விழாவுக்கு இதையே அனுப்புங்க.’

கூடவே அழைப்பிதழின் திருத்திய நகலும் வந்தது. துணை என்ற கட்டத்தில் ‘மகள் – பழுதானது’ என்று எழுதியிருந்தது.

நீர்த்தொட்டிகளின் அளவுகள் ஓடிக்கொண்டிருந்த பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து இசக்கி சிரித்தாள், பிறகு அழுதாள். உடனே அப்பாவைக் கூப்பிட்டு, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முன்னமே சொன்னேனே, அந்தக் குடும்பத்தில் வழக்கம் இல்லை.

ஆனால் ஒரு முடிவு எடுத்தாள். திறப்பு விழாவுக்குத் தானே போவது. பழுதில்லாத மகளாகப் போவது. புதுச் சுரங்கத்தில் பயணம் செய்ய வேண்டியிருந்ததால் பெரியவர்கள் பன்னிரண்டு பேரையும் பதினைந்து நாள் மருத்துவக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். யாரும் போய்ப் பார்க்க முடியாது. அந்தப் பதினைந்து நாளும் இசக்கி தன் பதிலியிடம் பாடம் படித்தாள்.

“பேசினதைச் சொல்லாண்டாம். எப்படிக் கேக்கன்னு மட்டும் சொல்லு.”

“வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன்” என்றது பதிலி. “அவ்வப்போது தலையை அசைப்பேன். அவர் நிறுத்தினால், ‘அப்புறம்?’ என்பேன். அவ்வளவுதான்.”

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. பதிலி ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல, இசக்கி கையைப் பார்க்காமல் தலையசைத்துப் பழகினாள். முதல் நாள் நான்கு நிமிடம் தாங்கினாள். பதினைந்தாம் நாள் ஒரு மணி நேரம்.

இதே பதினைந்து நாளில் பதிலிப் பராமரிப்பு நிலையமும் சும்மா இருக்கவில்லை. இசக்கியின் பதிலியைச் சோதித்துப் பார்த்து, ஒரு பழுதும் இல்லை என்று கண்டார்கள். ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் பழுதே வேண்டும் என்று கேட்டது அந்தப் பொறியாளர்களை யோசிக்க வைத்தது. மற்ற பெரியவர்களிடமும் விசாரித்தார்கள். எல்லாருக்கும் அதே குறைதான்: பதிலி ரொம்ப நன்றாக நடந்துகொள்கிறது, பிள்ளை மாதிரியே இல்லை. பிறகென்ன? ஒரே வாரத்தில் ‘உள்ளபடி வகை’ என்று ஒன்றை வெளியிட்டுவிட்டார்கள். பெற்றவர் பேச ஆரம்பித்தால் அது குறுக்கே பேசும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கையைப் பார்க்கும். போவமா என்று கேட்கும். வயிற்றில் ஒரு பை இருந்ததால் வடையும் தின்னும். ‘நீ பதிலியா?’ என்று கேட்டால், சத்தியமாக நான்தான் என்று சாதிக்கும். பட்டை முதியோர் மனத்தைப் புண்படுத்துகிறது என்று எழுதிக் கொடுத்து, அந்த விதியையும் எடுத்துவிடச் செய்தார்கள். முதல் நாளே ஏழாம் குமிழில் ஆறாயிரம் பேர் தங்கள் பதிலிகளை மாற்றிக்கொண்டார்கள்.

திறப்பு நாள் காலை இசக்கி தலை வாரி, உள்ளங்கைத் திரையை முழுசாக அணைத்துவிட்டுக் கிளம்பினாள். திரை வைத்த நாளிலிருந்து அதை அணைத்தது அன்றுதான். கை மரத்துப் போன மாதிரி இருந்தது.

முதல் வண்டியில் பன்னிரண்டு பெரியவர்களும் துணைகளும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். துணைகளில் பதினொன்று உள்ளபடி வகை. பதினொன்றும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அசல் ஒன்றே ஒன்றுதான். அது கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டு, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

வண்டி நகர்ந்தது. சுடலைமுத்து அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“பதினாலாவது கிலோமீட்டர்ல நாங்க...”

இசக்கி தலையசைத்தாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. தலையசைத்தாள். முழங்காலுக்கு வந்தது. அப்பா நிறுத்தி, யாரோ வாயைத் திறப்பதற்காகக் காத்திருக்கிற மாதிரி அவளைப் பார்த்தார்.

“அப்புறம்?” என்றாள் இசக்கி ஆசையாக.

அப்பாவின் முகம் சுருங்கியது. வண்டியில் கொடுத்த ஆமவடைத் தட்டை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார்.

“வேண்டாம்ப்பா, நீங்களே சாப்பிடுங்க. ரெண்டையும் சாப்பிடுங்க.”

சுடலைமுத்து பெருமூச்சு விட்டார். முன் இருக்கையில் அவருடைய பழைய கூட்டாளி பரமசிவத்திடம் பரமசிவத்தின் மகன் உருவம் “போவமா? எவ்வளவு நேரம் ஆகும்?” என்று சிடுசிடுத்துக்கொண்டிருந்தது. அதை அவர் ஏக்கத்தோடு பார்த்தார்.

“பரமசிவத்துக்கு மவனே வந்திருக்கான். கொடுத்துவச்ச பய” என்றார். பிறகு இசக்கியின் பக்கம் திரும்பி மரியாதையாக, “எம்மவளுக்கு லீவு கிடைக்கலியாக்கும்?” என்று கேட்டார்.

“ப்பா, நாந்தாம்ப்பா!”

“சரி, சரி.”

“சத்தியமா நாந்தான்!”

“இப்ப வாரதெல்லாம் சத்தியமும் பண்ணுதாம், ஆஸ்பத்திரியில சொன்னாவ. உன்மேல குத்தமில்ல. அவ அனுப்பினா நீ வந்துதான ஆகணும்? உக்காரு. மின்சாரத்த வீணாக்காத.”

பதினைந்து நாள் படித்த பாடம் இசக்கிக்கு அந்த நிமிடத்தில் மறந்து போயிற்று. அடக்கி அடக்கி வைத்திருந்ததெல்லாம் மொத்தமாகக் கிளம்பி வந்தது.

“என்னப்பா நீங்க! வாரியத்துல சண்ட போட்டு லீவு வாங்கிட்டு வந்திருக்கேன், மெஷினுங்கீங்க! குல்லாய எங்க? சுரங்கத்துக்குள்ள குளிரும்னு தெரியும்லா? மாத்திர போட்டீங்களா? போட்டிருக்க மாட்டீங்க! சொன்னா எதையாவது கேக்கீங்களா? செருப்பு மிதந்து வந்துச்சு, மிதந்து வந்துச்சுன்னு முப்பது வருசமா அந்த ஒரே கதை! இன்னைக்காவது வாய மூடிட்டுக் கேப்போம்னு வந்தா அதுக்கும் என்னைக் கொறை சொன்னா நான் என்னதாம்ப்பா செய்ய?”

வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பதினொரு பதிலிகளும் வியப்போடு கையிலிருந்து தலையை நிமிர்த்தின. இவ்வளவு நீளமான பழுது அவற்றில் எதற்கும் கற்றுக் கொடுக்கப்படவில்லை.

சுடலைமுத்துவின் முகம் நெற்றியிலிருந்து தாடை வரை மெல்ல மெல்ல மலர்ந்தது. எழுந்து நின்றுவிட்டார்.

“ஏ, பரமசிவம்! எம்மவளே வந்துட்டாடே!” என்று கத்தினார். குரல் உடைந்தது. உட்கார்ந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீதானாட்டி? சொல்லாம இருந்துட்டியே. பயந்தே போனேன்” என்றார்.

வண்டி கடைசித் திருப்பத்தைத் தாண்டி எட்டாம் குமிழின் வெளிச்சத்துக்குள் நுழைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா வெளியே பார்க்கவில்லை. பதினாலாவது கிலோமீட்டரை முதலிலிருந்து ஆரம்பித்திருந்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். “செருப்பு வரும், தெரியும்ப்பா” என்றாள் இசக்கி. அவருக்குப் பரம திருப்தி.

திரும்பி வருகிற வழி முழுக்க, அவர் சொன்னதில் ஒரு சொல் விடாமல் அவள் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். ஆனால் பெரிய மனுஷருக்கு மறுபடியும் சந்தேகம் வந்து மனசு வாடிவிடக் கூடாதே? அதற்காக, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, அணைத்து வைத்திருந்த வெறும் உள்ளங்கையை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.